செவிலியர் பஞ்சமும் தீவு நாடுகளின் கூட்டு முயற்சியும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சுகாதாரம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். குடிநீர்த் தொட்டியைக் கழுவுவது பற்றியும் கொசுவை ஒழிப்பது பற்றியும் நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஆதலின் இன்று அவற்றை விடுத்து, பசிபிக் மாகடலின் தென்பகுதியிலே சிதறிக் கிடக்கும் சிறு தீவு நாடுகளின் செவிலியரைப் பற்றிக் கூற விரும்புகிறேன். அவ்வளவு தொலைவிலுள்ள செய்தி நமக்கு எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். வாய்க்கால் பாசனம் அறிந்தவர்களுக்கு இது மிக எளிதில் விளங்கும் என்பது என் நம்பிக்கை.

உலக சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023இல் உலகெங்கும் இருந்த செவிலியர் 2 கோடியே 98 இலட்சம் பேர். பற்றாக்குறையோ 58 இலட்சம் பேர். உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழும் நாடுகளில் நூற்றுக்கு 78 செவிலியர் இருக்கின்றனர். மற்றப் பாதிப்பேருக்கு எஞ்சியவர் 22 பேரே. செல்வ நாடுகளில் பணிபுரியும் செவிலியருள் நூற்றுக்கு 23 பேர் வேறு நாட்டிலே பிறந்தவர்கள்.

இது தலைமடை, கடைமடை வழக்கேயன்றி வேறன்று. செல்வ நாடுகளில் முதியோர் தொகை பெருகுகிறது. ஒரு செவிலியரைப் பயிற்றுவிக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். பயிற்சி பெற்றவரை வெளிநாட்டிலிருந்து அழைத்துக்கொள்ளச் சில மாதங்கள் போதும். பயிற்றுவித்த செலவு ஏழை நாட்டின் கணக்கிலே நின்றுவிடுகிறது. போகிறவர்களை நான் குறை கூறமாட்டேன். பன்மடங்கு ஊதியம் கிடைக்குமிடத்திற்குப் போவது மனித இயல்பு. குடும்பத்திற்குப் பணம் அனுப்பவும் அதுவே வழி.

பிஜித் தீவுகள் நமக்கு உறவுள்ள நாடு. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து நம்மவர் பல்லாயிரவர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். சாது குப்புசாமி 1926இல் அங்கு நிறுவிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம், பள்ளிகளோடு லம்பாசா நகரில் செவிலியர் கல்லூரி ஒன்றையும் நடத்துகிறது. கூலிகளின் வழித்தோன்றல்கள் செவிலியரை உருவாக்கும் நிலைக்கு உயர்ந்தது பெருமைக்குரியது. ஆனால் 2022, 2023ஆம் ஆண்டுகளில் பிஜியின் அரசு மருத்துவமனைகளிலிருந்து செவிலியர் பெருந்தொகையினராக விலகி, ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்றனர். அவர்களுள் சிலர் அங்கே செவிலியராகவும் அல்ல, முதியோர் இல்லங்களில் பராமரிப்பாளராகவே வேலை செய்கின்றனர். ஒரு நாடு செவிலியரை இழந்தது. மற்ற நாடு செவிலியரைப் பெறவுமில்லை. இதைவிட வீண் செலவு வேறென்ன இருக்கிறது?

இத்தகைய சிக்கலை ஒரு தீவு தனியே நின்று தீர்க்க இயலாது. அரசின் சுகாதாரத் துறையில் செவிலியர் அனைவருக்கும் பொறுப்பான அலுவலரைத் தலைமைச் செவிலியர் என்பர். தென் பசிபிக் நாடுகளின் தலைமைச் செவிலியர்கள் 2004இல் ஒன்றுகூடிக் கூட்டணி ஒன்றை அமைத்தனர். இளம் அலுவலர்களுக்குத் தலைமைப் பயிற்சி அளிப்பதிலும், கல்வித் தரத்தை உயர்த்துவதிலும் ஒருவருக்கொருவர் துணை நிற்கின்றனர். இதில் நான் சிறப்பாகக் கருதுவது, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இக்கூட்டணியில் உறுப்பினராய் இருப்பதே. தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே பாயில் அமர்ந்து பேசினாலன்றி முறைப்பாசனம் நடவாது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அச்சிறு தீவுகளின் குரல் உலக அரங்கிலும் கேட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் தலைமைச் செவிலியராக 2017இல் நியமிக்கப்பட்ட எலிசபெத் ஐரோ அம்மையார் குக் தீவுகளைச் சேர்ந்தவர். அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 15,000; நம் பேரூராட்சிகள் பலவற்றில் அதைவிட மிகுதி. அவருக்குப்பின் 2022இல் நியமனம் பெற்ற அமீலியா துய்புலோத்து அம்மையார் டோங்கா நாட்டின் தலைமைச் செவிலியராகவும், பின்னர் சுகாதார அமைச்சராகவும் இருந்தவர்.

உலக நாடுகள் யாவும் கூடி 2010இல் ஒரு நெறிமுறையையும் ஏற்றுக்கொண்டன. மிகுந்த பற்றாக்குறையுள்ள நாடுகளுக்குச் சென்று ஆள் திரட்டலாகாது, வந்தவர்களை உள்நாட்டவர்க்குச் சமமாக நடத்தவேண்டும், தனக்கு வேண்டிய செவிலியரை இயன்றவரை தானே பயிற்றுவிக்க வேண்டும் என்பன அதன் சாரம். ஆனால் அது விரும்பி ஏற்பது, மீறினால் தண்டனையில்லை. பற்றாக்குறையுள்ள நாடுகள் என்று 2023இல் வெளியிட்ட பட்டியலில் 55 நாடுகள் இருந்தன. சாலமன் தீவுகள், வனுவாட்டு, பப்புவா நியூகினி ஆகியவை அதில் உண்டு. அத்தனை செவிலியரை இழந்த பிஜி அதில் இல்லை! இருக்கும் தொகையைப் பார்க்கும் கணக்கு, வடிந்து செல்லும் வேகத்தைப் பார்ப்பதில்லை.

தடுப்பதால் பயனில்லை என்பது என் கருத்து. குடிமராமத்தில் அதிக நிலமுடையவர் அதிக ஆள் விடுவதுபோல, செவிலியரை அழைத்துக்கொள்ளும் நாடு அவர்களை உருவாக்கும் கல்லூரிகளின் செலவில் பங்கேற்க வேண்டும். கூட்டணியில் பேசித் தீர்க்கவேண்டிய பெரிய வழக்கு இதுவே.

ஊதியம் ஒன்றே காரணமன்று என்பதையும் சொல்லவேண்டும். தொலைவிடங்களில் சுகாதாரப் பணியாளரை நிலைநிறுத்துவது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நல்ல குடியிருப்பும் பாதுகாப்பான பணியிடமும் வலியுறுத்தப்படுகின்றன. பட்டணத்தை விட்டுவந்து தீவில் தங்கும் செவிலியருக்கும் சரி, நம் ஊருக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் சரி, தேவை ஒன்றே. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது நம் நாட்டின் அளவுகோல். அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா, வாசலில் இரவு விளக்கு எரிகிறதா என்பதை அடுத்த கிராம சபைக்கு முன்னர் உறுப்பினர்கள் நேரில் சென்று பாருங்கள். பழுதிருப்பின் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள். ஒன்றியப் பொறியாளரைக் கொண்டு மதிப்பீடு தயாரிக்கச் செய்கிறேன்.