நான்கெழுத்துச் சுவடி

தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் உள்ளன. உயிரின் சுவடிக்கோ நான்கே எழுத்துகள். டி.என்.ஏ. என்று வழங்கும் அச்சுவடியின் அமைப்பைச் சிறிது காண்போம்.

டி.என்.ஏ. ஒரு மூலக்கூறு, முறுக்கிய நூலேணியைப் போன்றது. சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்த இரண்டு வடங்கள் அதன் இரு புறங்கள். இடையிலுள்ள ஒவ்வொரு படியும் இரண்டு காரங்களின் சேர்க்கை. அடினைன், குவானைன், தைமின், சைட்டோசைன் எனக் காரங்கள் நான்கு. இவையே அந்நான்கு எழுத்துகள். முதலிரண்டும் உருவிற் பெரியவை, மற்றவை சிறியவை. பெரியதோடு சிறியது சேர்ந்தால்தான் ஏணியின் அகலம் எங்கும் ஒன்றாக நிற்கும். அடினைன் தைமினோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளாலும், குவானைன் சைட்டோசைனோடு மூன்றாலும் இணைகின்றன.

அடினைனும் தைமினும் சம அளவு, குவானைனும் சைட்டோசைனும் சம அளவு என்று முன்பே கண்டவர் எர்வின் சார்காப். 1952-இல் லண்டனில் ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படம் திருகு வடிவைக் காட்டிற்று. இவற்றின் துணைகொண்டு வாட்சனும் கிரிக்கும் 1953-இல் இவ்வமைப்பை வெளியிட்டனர். அவர்கள் வில்கின்ஸுடன் 1962-இல் நோபல் பரிசு பெற்றபோது பிராங்க்ளின் உயிருடன் இல்லை, 1958-இலேயே மறைந்துவிட்டார்.

இணை இன்னதென்று தெரிவதால், ஒரு வடம் இருந்தாற் போதும், மற்றதை எழுதிவிடலாம். உயிரணு பிரியுமுன் வடங்கள் விலகுகின்றன. ஒவ்வொன்றையும் பார்த்துப் புதிய துணைவடம் உருவாகிறது. இங்ஙனமே சுவடி தலைமுறைதோறும் படியெடுக்கப்படுகிறது.

மூன்றெழுத்து கொண்டது ஒரு சொல். இச்சொற்களின் பொருளை ஆராய்ந்து அகராதி வகுத்தோருள் பஞ்சாபிற் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவும் ஒருவர். 1968-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஏடெழுதுவோர் பிழை பொருளைக் கெடுப்பது நாம் அறிந்ததே. இங்கு அது உடலையே வருத்துகிறது. ஹீமோகுளோபின் புரதத்துக்குரிய பகுதியின் ஆறாவது சொல்லில், அடினைன் இருக்கவேண்டிய இடத்தில் தைமின் அமைந்தால், சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து இரத்தவோட்டத்தைத் தடுக்கும். நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-இல் அறியப்பட்ட இவ்வியல்பு, மத்திய இந்தியாவிலும் பரவலாக உண்டு. இதனை ஒழிக்க 2023-இல் நம் நாட்டில் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது.

தாய் தந்த படி ஒன்று, தந்தை தந்த படி ஒன்று. ஒன்றில் மட்டும் பிழையுள்ளவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். இரண்டிலும் இருப்பின் கடும் நோய். ஆகவே, இந்நோய் காணப்படும் குடும்பங்களில் மணத்துக்கு முன் இருவரும் இரத்தச் சோதனை செய்துகொள்வது பிள்ளைகளுக்குச் செய்யும் முதல் நன்மை.