புகையிலையும் காக்கைவலிப்பும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



காக்கைவலிப்பு தெய்வ குற்றமன்று. தொட்டால் ஒட்டும் வியாதியுமன்று. மூளையின் நரம்பணுக்களில் மின்சக்தி ஒழுங்கு தவறி ஒருங்கே எழுவதால் வலிப்பு உண்டாகிறது. உலகில் ஏறக்குறைய 5 கோடி ஜனங்களுக்கு இவ்வியாதி உண்டு. தக்க மருந்தை விடாது உட்கொண்டால் இவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரையில் வலிப்பின்றி வாழக்கூடும்.

இதற்கும் புகையிலைக்கும் என்ன சம்பந்தமென்று கேட்கலாம். புகையிலையிலுள்ள நிகோடின் என்னும் விஷம் நரம்புகளையே பற்றுவது. அளவு மிஞ்சினால் வாந்தி, மயக்கம், வலிப்பு, மரணம் வரையில் கொண்டுபோய்விடும். பனியில் நனைந்த புகையிலையை வெறுங்கையால் ஒடிக்கும் கூலியாட்களுக்குத் தலைசுற்றலும் குமட்டலும் காண்பது, இவ்விஷம் நீரில் கரைந்து தோல் வழியே உள்ளே ஏறுவதாலேயாம். 1970-ம் வருஷத்தில் அமெரிக்காவின் புளோரிடா நாட்டுப்புறத்தில் வைத்தியர்கள் இதைத் தனி நோயாகக் கண்டு எழுதினர். இலையின் ஈரம் உலர்ந்தபின் ஒடிப்பதும், நனைந்த துணியை உடனே மாற்றுவதும், சோப்பிட்டுக் கைகால் கழுவுவதும் செலவில்லாத பரிகாரங்கள்.

இதனினும் பெரிய அபாயம் அசுவினிப் பூச்சிக்குத் தெளிக்கும் புகையிலைக் கஷாயம். தெளித்து மீந்ததைச் சீசாவிலோ செம்பிலோ ஊற்றிச் சமையற்கட்டில் வைக்கும் வழக்கத்தை அடியோடு விடவேண்டும். தண்ணீரென்று எண்ணிக் குழந்தை அதைக் குடித்துவிட்டால் வலிப்புக் காண அதிக நேரம் ஆகாது.

இனிச் சுருட்டும் பீடியும். அமெரிக்காவில் 1989-ல் தொடங்கி ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தாதிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியொன்றில், புகைபிடிப்போருக்கு வலிப்பு வருவது அதிகமென்று 2010-ல் வெளியிட்டனர். காபிக்கு அத்தகைய சம்பந்தம் காணப்படவில்லை. காபிப் பிரியர் ஆறுதலடையலாம். இதைக்கொண்டு மட்டும் புகையே காரணமென்று தீர்ப்புச் சொல்வதற்கில்லை. ஆயினும் புகைபிடிப்பதால் பக்கவாதத்துக்கு இடமுண்டாகிறது; வயோதிகருக்குப் புதிதாக வரும் வலிப்புக்குப் பக்கவாதமே முக்கிய காரணங்களுள் ஒன்று.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவன் திடீரென்று நிறுத்தினால், பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் வலிப்புக் காணலாம். ஆகவே குடியை விட விரும்புவோர் வைத்தியரைக் கலந்துகொண்டு விடுவதே க்ஷேமம். பன்றி நாடாப்புழுவின் முட்டை கழுவாத காய்கறி, அசுத்த ஜலம் வழியாக வயிற்றில் சென்று, புழு மூளையில் தங்குவதாலும் வலிப்பு வரும். கக்கூசும் கைகழுவுதலும் இதற்குக் காப்பு.

வியாதியுள்ளோரிடம் காணும் பெருங்கேடு மருந்தை நடுவில் நிறுத்துவதே. இரண்டு மாதம் வலிப்பு வரவில்லையென்று மாத்திரையை விட்டால், முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். இரவில் தூக்கமின்றிக் கண் விழிப்பதும் அவ்விதமே. 1912 முதல் வழங்கிவரும் பினோபார்பிட்டோன் மாத்திரை மிகவும் மலிவானது. மந்திரவாதிக்குக் கிடா வெட்டக் கடன் கேட்கும் குடும்பத்தார் மாத்திரைக்குக் காசில்லை என்பது விந்தையே.

வலிப்புக் கண்டவர் கையில் சாவியோ இரும்போ திணிப்பதால் பயனில்லை. வாயில் எதையும் செருகலாகாது, தண்ணீரும் புகட்டலாகாது. நெருப்பு, கிணறு, கல் முதலியவற்றினின்று அப்புறப்படுத்தி, ஒருபக்கமாகச் சாய்த்துக் கிடத்தி, தலையின் கீழ்த் துண்டை மடித்து வைக்கவேண்டும். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலும், தெளியுமுன் மறுபடி கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.