இரண்டு கதிரும் வேண்டும்



ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அதில் ஒரு கூறுதான் நானோமீட்டர். நம் உடலின் ஒரு செல்லுக்குள் ஏறக்குறைய 2 மீட்டர் நீள டி.என்.ஏ. அடங்கியிருக்கிறது. எப்படி அடங்கியது? புரதத்தோடு சேர்ந்து, சுமார் 11 நானோமீட்டர் அகலமுள்ள சின்னஞ்சிறு பொதிகளாகச் சுருண்டிருக்கிறது. அந்தப் பொதியில் நடுவில் இருப்பது டி.என்.ஏ.வா, புரதமா? சாதாரண நுண்ணோக்கியால் இதற்கு விடை சொல்ல முடியாது.

விடை சொன்னது நியூட்ரான் கதிர்! எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறும். நியூட்ரான் அணுக்கருவில் பட்டுச் சிதறும். ஆகவே, எக்ஸ் கதிருக்கு ஒன்றுபோலத் தெரியும் ஹைட்ரஜனும் அதன் கனமான வடிவமான டியூட்டீரியமும் நியூட்ரானுக்கு வெவ்வேறாகத் தெரியும். ஆய்வாளர்கள் அந்தப் பொதிகள் இருந்த தண்ணீரில், டியூட்டீரியம் கொண்ட கனநீரைக் கலந்தார்கள். கனநீர் 40 சதவீதத்தை ஒட்டி வந்தபோது புரதம் சுற்றியுள்ள நீரோடு ஒன்றி நியூட்ரானின் பார்வையிலிருந்து மறைந்தது, டி.என்.ஏ. தனித்துத் தெரிந்தது. 65 சதவீதத்தை நெருங்கியபோது டி.என்.ஏ. மறைந்தது; புரதம் தனித்துத் தெரிந்தது. 1970களில் உண்மை வெளிப்பட்டது: புரதம் நடுவில், பம்பரத்தில் சாட்டை சுற்றியதுபோல டி.என்.ஏ. வெளியில்!

1997இல் எக்ஸ் கதிர் அதே பொதியின் அணு அமைப்பை நுணுக்கமாகக் காட்டியது. நியூட்ரான் கோடு காட்டியது; எக்ஸ் கதிர் ஓவியத்தை முடித்தது. ஒன்று இருந்தால் மற்றது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில்.

நண்பர்களே, இந்தக் கதிர் ஆய்வுத் துறை நமக்கு அந்நியமானதல்ல. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர் படங்களைக் கொண்டே கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருளை உலகுக்குச் சொன்னார்கள். இன்று டிராம்பேயின் துருவா அணு உலையில் நியூட்ரான் கிடைக்கிறது. இந்தூரின் எலக்ட்ரான் முடுக்கியான இண்டஸ்-2இல் எக்ஸ் கதிர் கிடைக்கிறது. இரண்டும் மக்கள் வரிப்பணத்தில் எழுந்தவை. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் விண்ணப்பித்துப் பயன்படுத்தலாம்.

கல்லூரி நிர்வாகிகளை உரிமையோடு கேட்கிறேன். செல்லுக்குள் மருந்தைச் சுமக்கும் நுண்துகளை ஆராயும் ஒரு மாணவி, தன் மாதிரியோடு அந்த ஆய்வுக்கூடங்களுக்குப் போக விரும்பினால், பயணச் செலவைக் காரணம் காட்டித் தடுக்காதீர்கள். மாணவர்களே, நீங்களும் சிறிய ஊர், சிறிய கல்லூரி என்று தயங்காதீர்கள். நல்ல கேள்வியோடு விண்ணப்பியுங்கள். அந்தக் கதிர்களின் மேல் உங்களுக்கும் உரிமை உண்டு!