மறைந்திருந்த ராஜாவும் மறவாத தேவனும்

(சபையின் ஆண்டு நிறைவு ஸ்தோத்திர ஆராதனையில் கொடுக்கப்பட்ட தேவசெய்தி)

வேதபகுதி: 2 இராஜாக்கள் 11, 2 நாளாகமம் 22:10 முதல் 24:27 வரை

இன்னொரு வருடமும் நம்மை ஒன்றாய்க் கூட்டிச் சேர்த்த தேவனுக்கே மகிமை உண்டாவதாக.

முதலில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி. இங்கே ஏழு வயதுள்ளவர்கள் யார்? கையை உயர்த்துங்கள். நல்லது. நாளைக் காலையில் உங்களை எழுப்பி, தலையில் கிரீடம் வைத்து, இனி இந்த நாட்டுக்கு நீதான் ராஜா என்று சொன்னால் எப்படி இருக்கும்? சிரிக்கிறீர்கள். எருசலேமில் ஒருநாள் அப்படித்தான் நடந்தது. அந்தப் பையனுடைய பெயர் யோவாஸ். முடிசூட்டப்பட்டபோது அவனுக்கு வயது ஏழு. அதற்கு முந்திய ஆறு வருடமும், அப்படி ஒரு பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பதே ஊருக்குத் தெரியாது. அந்த ஆறு வருடத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒரே திரியில் நின்ற விளக்கு

தாவீதுக்குத் தேவன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அவன் வீடும் ராஜ்யமும் என்றைக்கும் நிலைத்திருக்கும் என்பது அந்த வாக்கு. 2 சாமுவேல் 7-ஆம் அதிகாரத்தில் அதை வாசிக்கிறோம். பின்னாட்களில் வேதம் அதை ஒரு விளக்குக்கு ஒப்பிடுகிறது. தாவீதின் வீட்டில் அணையாத விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருக்கும்.

ஆனால் சரித்திரத்தைப் பாருங்கள். யோராம் ராஜாவானதும் தன் சகோதரர் எல்லாரையும் பட்டயத்தால் கொன்றுபோட்டான். அடுத்து, படையெடுத்து வந்தவர்கள் யோராமின் மூத்த குமாரரைக் கொன்றார்கள். இளையவன் அகசியா மாத்திரம் மிஞ்சினான். அகசியா ஒரே வருடம் அரசாண்டான். யெகூவின் கையில் அவனும் மாண்டான். அவனுடைய இனத்தார் 42 பேரும் மாண்டார்கள். கடைசியாக அகசியாவின் தாய் அத்தாலியாள் எழும்பி, மிச்சமிருந்த ராஜவம்சத்தார் யாவரையும் அழித்து, தானே சிங்காசனத்தில் ஏறினாள். அந்தப் பிள்ளைகளுக்கு அவள் யார் தெரியுமா? சொந்த அப்பம்மா.

நான்கு தரம் அந்த விளக்கின்மேல் காற்று வீசியது. நான்காம் தரம் அணைந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் ஒரு படுக்கையறையில், தாதியின் மடியில், ஒரு குழந்தை இருந்தது.

1. தேவனுடைய ஆளுகை மறைவான மனிதர் மூலம் நடக்கிறது

அந்தக் குழந்தையை எடுத்தது யார்? சேனைத் தலைவனும் அல்ல, தீர்க்கதரிசியும் அல்ல. யோசேபாள் என்ற பெண். அகசியாவின் சகோதரி, குழந்தைக்கு மாமி முறை. ஆசாரியனாகிய யோய்தாவின் மனைவி. கொலை நடந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் உள்ளே போய், குழந்தையையும் தாதியையும் ஒளித்துவைத்தாள்.

தேவன் வாக்குக் கொடுத்திருக்கிறார், அவரே பார்த்துக்கொள்வார் என்று அவள் வீட்டில் இருக்கவில்லை. தேவன் ஆளுகிறார் என்பது நாம் கைகட்டிக்கொண்டு இருப்பதற்குச் சாட்டு அல்ல. அவர் ஆளுகிறபடியால்தான் நாம் செய்வது வீணாய்ப் போகாது என்ற தைரியம் நமக்கு வருகிறது. அவள் அன்றைக்குச் செய்தது ஒரு குழந்தையைத் தூக்கியது மட்டும். தாவீதின் சந்ததி அந்தக் கைகளில்தான் இருந்தது.

அந்தத் தாதியின் பெயரை வேதம் சொல்லவில்லை. குழந்தை அழுதால் வெளியே கேட்கும். அழாமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

இன்று வெளியிடப்படும் நமது ஆண்டு மலரில் சபையின் சரித்திரம் இருக்கிறது, போதகர்கள், மூப்பர்கள், செயற்குழுவினரின் படங்கள் இருக்கின்றன. அது தகும். ஆனால் அந்தப் பக்கங்களில் வராதவர்களையும் நினையுங்கள். ஆரம்ப நாட்களில், இந்நாட்டவருடைய ஆலயத்தை ஞாயிறு பிற்பகலில் இரவலாய்ப் பெற்று ஆராதித்தபோது, நேரத்தோடு வந்து கதிரை அடுக்கியவர்கள் இருந்தார்கள். பனியில் நடந்துவந்து தேநீர் ஊற்றிய அம்மாமார் இருந்தார்கள். ஆராதனை நேரத்தில் கைக்குழந்தைகளைப் பின்னறையில் வைத்துக்கொண்டு, ஒரு பிரசங்கத்தைக்கூட முழுதாய்க் கேட்காத சகோதரிகள் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் நம்முடைய மலரில் இல்லாவிட்டாலும் கர்த்தருக்குத் தெரியும்.

2. மௌனமான வருடங்களும் அவர் கையில் இருக்கின்றன

ஆறு வருடம் யோவாஸ் கர்த்தருடைய ஆலயத்தில் ஒளிந்திருந்தான். வெளியே சிங்காசனத்தில் அத்தாலியாள். அந்த ஆறு வருடத்தைப் பற்றி வேதம் சொல்வது ஒரே ஒரு வசனம். அற்புதமும் இல்லை, தீர்க்கதரிசனமும் இல்லை. ஒரு பிள்ளை வளர்ந்தான், அவ்வளவுதான்.

நம்மில் பலருக்கு இந்தக் காத்திருப்பு புதிதல்ல. அகதிக் கேஸ் முடியாமல், ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்து வருடங்களைக் கழித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மனைவி பிள்ளைகள் ஊரில், தான் இங்கே என்று இருந்தவர்கள் உண்டு. சபைக்கு வராமல் விலகிப்போன மகனுக்காக இன்றும் முழங்காலில் நிற்கும் தாய்மார் உண்டு. தேவன் ஒன்றும் செய்யவில்லையே என்று தோன்றும் அந்த நாட்களில்தான், ஆலயத்துக்குள் ஒரு ராஜா வளர்ந்துகொண்டிருந்தான்.

இங்கே ஒரு கடினமான கேள்வியைத் தாண்டிப்போக எனக்கு மனமில்லை. யோவாஸ் தப்பினான். மற்றப் பிள்ளைகள்? அவர்களும் பிள்ளைகள்தானே? யுத்தத்தில் பிள்ளைகளை இழந்தவர்கள் இந்த ஆலயத்தில் இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் நின்று இலேசான பதில் சொல்ல நான் துணியமாட்டேன். அவர்கள் ஏன் தப்பவில்லை என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். தேவன் ஆளுகிறார் என்றால் நடந்ததெல்லாம் அவருக்குப் பிரியம் என்று பொருள் அல்ல. அத்தாலியாள் செய்தது பாவம். வேதம் அதை மழுப்பவில்லை. அவளுடைய பாவம் கடைசி வார்த்தையாக இருக்கத் தேவன் விடவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் பெத்லகேமிலும் ஏரோது பிள்ளைகளைக் கொன்றான். ஒரு குழந்தையை இராத்திரியில் எடுத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடினார்கள். அகதியாய்ப் போன அந்தக் குழந்தை வளர்ந்து, சிலுவைக்குத் தப்பியோடாமல் தம்மையே ஒப்புக்கொடுத்தார். நம்மை ஆளுகிற ராஜா அவர். பிள்ளையை இழந்தவருடைய கண்ணீரை அறியாத ராஜா அல்ல.

3. வேளை வந்தபோது தேவன் தம் வாக்கை நிறைவேற்றினார்

ஏழாம் வருடம் யோய்தா திடன்கொண்டான். நூறுபேருக்கு அதிபதிகளை அழைத்து, ஆணையிடுவித்து, ராஜகுமாரனைக் காட்டினான். காவலை மூன்று பங்காய்ப் பிரித்தான். ஆலயத்தில் இருந்த தாவீதின் ஈட்டிகளையும் பரிசைகளையும் எடுத்து அவர்கள் கையில் கொடுத்தான். தாவீதின் பேரப்பிள்ளையைக் காக்க தாவீதின் ஆயுதங்களே வெளியே வந்தன.

பிள்ளையின் தலையில் கிரீடம் வைத்தார்கள். சாட்சியின் ஆகமத்தையும் அவனிடம் கொடுத்தார்கள். கவனியுங்கள், கிரீடமும் ஆகமமும் சேர்ந்தே வந்தன. ராஜாவுக்கும் மேலே ஒரு ராஜா இருக்கிறார் என்பதே அதன் பொருள். எண்ணெய் வார்த்தார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தாலியாள் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, துரோகம் என்று கூவினாள். துரோகத்தால் சிங்காசனம் ஏறியவள் அவள்! அன்றோடு அவள் ஆட்சி முடிந்தது. நகரம் அமைதியாயிற்று.

4. விசுவாசம் நம்முடைய சொந்தமாக வேண்டும்

கதையை இங்கே முடித்தால் இனிமையாக இருக்கும். ஆனால் வேதம் மீதியையும் எழுதிவைத்திருக்கிறது.

யோவாஸ் 40 வருடம் அரசாண்டான். தான் ஒளிந்து வளர்ந்த ஆலயத்தைப் பழுதுபார்க்க, மூடியில் துவாரமிட்ட ஒரு பெட்டியை வைத்து ஜனங்களிடம் காணிக்கை சேர்த்தான். வேலையை நடப்பித்தவர்கள் உண்மையாய் நடந்தபடியால் அவர்களிடம் கணக்குக்கூடக் கேட்கவில்லையாம். (நமது பொருளாளர் சிரிக்கிறார்!) ஆனால் யோய்தா 130 வயதில் மரித்தபின் பிரபுக்கள் வந்து ராஜாவை வணங்கினார்கள். ராஜா அவர்கள் சொல்லுக்குச் செவிகொடுத்தான். கர்த்தருடைய ஆலயத்தை விட்டு விக்கிரகங்களிடம் போனான். கண்டித்துப் பேசிய சகரியாவை ஆலயப் பிராகாரத்திலேயே கல்லெறிந்து கொல்லக் கட்டளையிட்டான். அந்தச் சகரியா யார்? தன் உயிரைக் காத்த யோய்தாவின் மகன்.

கடைசியில் யோவாஸ் தன் ஊழியக்காரராலேயே கொலையுண்டான். யோய்தா ஆசாரியனாயிருந்தும் அவனை ராஜாக்களோடே அடக்கம்பண்ணினார்கள். யோவாஸ் ராஜாவாயிருந்தும் அவனை ராஜாக்களின் கல்லறையில் வைக்கவில்லை.

பெரியவர்களே, நாம் அடிக்கடி பேசிக்கொள்கிறோம்: பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளியில் இந்நாட்டு மொழியில்தான் பதில் சொல்கிறார்கள், நமக்குப்பின் இந்தச் சபையை யார் நடத்துவார்கள்? நியாயமான கவலைதான். ஆனால் பிள்ளைகள் நம்மைப் பார்த்து மட்டும் சபைக்கு வந்தால், நாம் போனபின் அவர்களும் போவார்கள். நாம் விட்டுப்போக வேண்டியது நம்முடைய நாற்காலிகளை அல்ல. அவர்கள் தாங்களே கர்த்தரை அறியும்படி, அவர்களுக்கு விளங்கும் மொழியில், வேதத்தை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளே, யோவாசுக்கு நல்ல மாமி இருந்தாள், நல்ல ஆசாரியன் இருந்தான், ஆலயமே வீடாக இருந்தது. அதெல்லாம் இருந்தும், யோய்தாவின் கையைப் பிடித்திருந்த அளவுக்கு அவன் கர்த்தரின் கையைப் பிடிக்கவில்லை. அப்பா அம்மாவின் ஜெபம் உங்களைத் தாங்கும். ஆனால் நீங்களும் ஜெபம்பண்ண வேண்டும்.

அணையாத விளக்கு

யோவாஸ் விழுந்தான். வாக்கு விழுந்ததா? இல்லை. அவன் மகன் அமத்சியா சிங்காசனத்தில் இருந்தான். அமத்சியாவுக்குப்பின் உசியா.

மத்தேயு முதலாம் அதிகாரத்தில் இயேசுவின் வம்ச அட்டவணையை வீட்டில் போய் வாசித்துப்பாருங்கள். யோராமுக்கு அடுத்து உசியா என்று இருக்கும். நடுவில் மூன்று ராஜாக்கள் இல்லை: அகசியா, யோவாஸ், அமத்சியா. முடிசூட்டப்பட்ட யோவாஸின் பெயரே அந்த அட்டவணையில் இல்லை. ஆனாலும் அவன் வழியாகத்தான் சந்ததி வந்தது. யோசேபாள் அன்று தூக்கிய குழந்தையின் வழியில்தான் உலகத்தின் இரட்சகர் வந்தார். அது அவளுக்குத் தெரியாது. தன் சகோதரனின் பிள்ளையைக் காப்பாற்றினோம் என்றுதான் அவள் கண்மூடியிருப்பாள்.

அன்பானவர்களே, இந்தச் சபையின் வருங்காலம் என்னவென்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் விளக்கை ஏற்றியவர் யார் என்று நமக்குத் தெரியும். இன்றைக்கு நம் கைக்கெட்டிய தூரத்தில் எந்தப் பிள்ளை இருக்கிறதோ, அந்தப் பிள்ளையைத் தூக்குவோம். மீதியைப் பார்த்துக்கொள்ள ஒரு ராஜா இருக்கிறார்.

ஜெபிப்போம். எங்களை ஆளுகிற தேவனே, பெயர் தெரியாத உமது ஊழியர்களுக்காக ஸ்தோத்திரம். காத்திருப்போரைத் திடப்படுத்தும். இழந்தவர்களைத் தேற்றும். எங்கள் பிள்ளைகள் உம்மைத் தங்கள் சொந்த தேவனாக அறியக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.