விரல் நுனியில் தொடங்கும் காலுறை



பந்திங்கில் இருந்துகொண்டு காலுறை பின்னுவதைப் பற்றிப் பேசுகிறோம் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். மோரிப் கடற்கரைக் காற்றும் செம்பனைத் தோட்டத்து வெக்கையும் ஆண்டு முழுவதும் கூடவே இருக்கும் ஊரில் காலுறை எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குளிரைக் கருதி நாங்கள் இதைச் சொல்ல வரவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களின் பாதங்களைக் கருதிச் சொல்ல வருகிறோம்.

நீரிழிவு நோய் நம் நாட்டில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு, 2019-ஆம் ஆண்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடு. 2019-இல் இனவாரியாகப் பார்த்தபோது, இந்தியர்களிடையேதான் அது மிக அதிகமாக இருந்தது. ஆகவே இது அடுத்த வீட்டுச் செய்தி அல்ல; நம் வீட்டுச் செய்தி.

இந்நோய் பல ஆண்டுகள் நீடித்தால் பாதத்தின் நரம்புகள் உணர்வு குன்றிப்போகும். சப்பாத்துக்குள் ஒரு சிறு கல் கிடந்தாலும் தெரியாது. காலுறையின் முனையில் மேடாக நிற்கும் தையல் விரலை நாள் முழுவதும் உராய்ந்தாலும் தெரியாது. தோல் சிவந்து, கொப்புளம் எழுந்து, உடைந்து, புண்ணான பிறகுதான் கண்ணில் படும். இரத்த ஓட்டமும் குறைந்த காலில் அந்தப் புண் எளிதில் ஆறுவதில்லை. அது முற்றி, விரலையோ பாதத்தையோ எடுக்க நேர்ந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அதனால்தான் இத்தகையோர் விரல்பக்கம் தடித்த தையல் இல்லாத காலுறையை அணிய வேண்டும் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள்.

அந்தத் தையல் எப்படி வருகிறது? கடைகளில் கிடைக்கும் காலுறைகளில் பெரும்பாலானவை இயந்திரத்தில் குழாய்போலப் பின்னப்பட்டு, விரல்பக்கம் கடைசியில் மூடப்படுகின்றன. மூடிய இடம் மேடாகிறது. கையால் பின்னுவோரும் பலர் கணுக்காலுக்கு மேலிருந்து தொடங்கி, விரல்பக்கம் வந்து முடிக்கிறார்கள். முடிக்கும்போது இருபுறத்துக் கண்ணிகளையும் தையல் ஊசியால் ஒன்றோடொன்று கோத்து இணைக்க வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் பெயரால் வழங்கும் இணைப்பு முறை அது. நன்றாகச் செய்தால் மேடு இராது. ஆனால் புதிதாகப் பழகுவோர் பலருக்கு அதுவே பெரிய தடை.

இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. விரல் நுனியிலேயே தொடங்கிவிட்டால், அங்கே மூடுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. இது புதிய எண்ணமும் அன்று. எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரின் இடுகாட்டில் கிடைத்த ஒரு சோடி சிவப்புக் கம்பளிக் காலுறைகள் இலண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கி.பி. 250-க்கும் 420-க்கும் இடைப்பட்டவை. செருப்பின் வாருக்கு இடம்விட்டு, பெருவிரல் தனியாகப் பிரிந்திருக்கும். இன்றைய இரட்டை ஊசிப் பின்னல் முறைக்கு முந்திய ஒற்றை ஊசி முறையில் செய்யப்பட்டவை. ஆயினும் தொடக்கம் விரலிலிருந்துதான். துருக்கி நாட்டுப் பெண்களும் தங்கள் வண்ணக் காலுறைகளை விரலிலிருந்தே தொடங்கிப் பின்னி வந்தார்கள். இன்று நாம் பழகப்போகும் கண்ணி போடும் முறைக்கே துருக்கிய முறை என்றுதான் பெயர்.

இனி வேலைக்கு வருவோம். 2.5 மில்லிமீட்டர் கனமுள்ள வட்ட ஊசிகள் இரண்டு வேண்டும். வட்ட ஊசி என்பது இரு முனைகளுக்கும் நடுவே வளையும் வடம் கொண்டது. நூல், பருத்தி கலந்த மெல்லிய காலுறை நூலாக இருக்கட்டும். தனிக் கம்பளி நம் வெயிலுக்கு ஒவ்வாது. பெரியவர் ஒருவரின் ஒரு சோடிக்குச் சுமார் 100 கிராம் நூல் போதும். அதை முதலிலேயே 50 கிராம் வீதம் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கீழிருந்து மேலே போவதால், நூல் உள்ளவரை பின்னி நிறுத்தலாம். ஒரு கால் முடிந்து மறு காலுக்கு நூல் போதவில்லை என்ற கவலை இல்லை.

முதற்படி. இரண்டு ஊசிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, முனைகள் வலப்பக்கம் பார்க்க, இடது கையில் சேர்த்துப் பிடியுங்கள். நூலில் ஓர் உருவு முடிச்சு, அதாவது இழுத்தால் அவிழும் முடிச்சு போட்டு, அதைக் கீழ் ஊசியில் மாட்டி இடப்பக்கமாகத் தள்ளி வையுங்கள்.

இரண்டாம் படி. நூலை இரண்டு ஊசிகளுக்கும் பின்னாலாக மேலே கொண்டுபோய், மேல் ஊசியைத் தாண்டி முன்னால் இறக்கி, கீழ் ஊசிக்கு அடியாக மீண்டும் பின்னே கொண்டுவாருங்கள். இது ஒரு சுற்று. இப்படியே இடமிருந்து வலமாக, முனையை நோக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் 12 சுற்றுச் சுற்றுங்கள். மேல் ஊசியில் 12 கண்ணி, கீழ் ஊசியில் 12 கண்ணி கிடைத்துவிட்டன. உருவு முடிச்சைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மூன்றாம் படி. கீழ் ஊசியை வலப்பக்கம் இழுத்து, அதன் கண்ணிகள் வடத்தின்மேல் தங்கும்படி விடுங்கள். மேல் ஊசியின் மறுமுனையை வலது கையில் எடுத்து, மேலே உள்ள 12 கண்ணிகளையும் நேர்ப்பின்னலாகப் பின்னுங்கள். இங்கே ஒரு விதியை மனத்தில் இருத்துங்கள்: ஒரு ஊசியில் உள்ள கண்ணிகளை அதே ஊசியின் மறுமுனையால்தான் பின்ன வேண்டும். ஊசி மாறினால் எல்லாக் கண்ணிகளும் ஒரே ஊசியில் சேர்ந்துவிடும்.

நான்காம் படி. பின்னி முடித்த ஊசியை இழுத்து, அதன் கண்ணிகளையும் வடத்தில் விடுங்கள். பிறகு வேலையை ஒரு கடிகார முள் அரைவட்டம் சுற்றுவதுபோலத் திருப்புங்கள். கீழே இருந்த ஊசி இப்போது மேலே வந்துவிடும். அதன் கண்ணிகளை வலப்பக்க முனைக்குத் தள்ளினால் முதலில் நிற்பது உருவு முடிச்சு. அதை ஊசியிலிருந்து கழற்றி, அவிழ்த்துவிடுங்கள். அதையடுத்த 12 கண்ணிகளையும் பின்னுங்கள். ஒரு வட்டம் முடிந்தது. மொத்தம் 24 கண்ணி. நடுவில் தையலும் இல்லை, முடிச்சும் இல்லை. முதற்கண்ணி தளர்ந்து தோன்றினால் கலங்க வேண்டாம். இரண்டு வட்டம் ஏறியபின் வால்நூலை மெல்ல இழுத்தால் சரியாகிவிடும்.

அடுத்து அகலம் கூட்ட வேண்டும். ஒவ்வோர் ஊசியிலும் முதற்கண்ணியைப் பின்னியதும் ஒரு கண்ணி கூட்டுங்கள். கடைசிக் கண்ணிக்கு முன்னும் ஒன்று கூட்டுங்கள். இரண்டு கண்ணிகளுக்கு இடையே குறுக்காக ஓடும் நூலைத் தூக்கி, முறுக்கிப் பின்னினால் ஓட்டை விழாது. ஒரு வட்டத்துக்கு 4 கண்ணி கூடும். அடுத்த வட்டத்தைக் கூட்டாமல் பின்னுங்கள். இப்படி ஒன்றுவிட்டு ஒன்றாக 20 வட்டம் போனால் 24 கண்ணி 64 ஆகிவிடும். பத்து சென்டிமீட்டருக்கு 32 கண்ணி வரும்படி பின்னுவோருக்கு இது 20 சென்டிமீட்டர் சுற்றளவு தரும். 22 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள பாதத்துக்கு அளவாக இருக்கும். பாதத்தை முதலில் அளந்து, உங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த இறுக்கத்தில் சுற்றுவது என்ற ஐயம் பலருக்கு எழும். பூக்கட்டத் தெரிந்த பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நாரை அதிகம் இறுக்கினால் மல்லிகையின் காம்பு அறுந்துவிடும்; தளர விட்டால் பூ உதிர்ந்துவிடும். அந்த விரல் அறிந்த பதம்தான் இங்கும் வேண்டும். சுற்றிய நூலுக்குள் மற்றோர் ஊசி முனை தடையின்றி நுழைய வேண்டும். ஊசியைச் சாய்த்தால் நூல் நழுவக்கூடாது. முதல் நாள் தடித்த நூலும் பெரிய ஊசியும் வைத்து, நாலைந்து முறை போட்டு அவிழ்த்துப் பாருங்கள். கைக்கு வந்தபின் மெல்லிய நூலுக்குப் போகலாம்.

இதே பயன் தரும் இன்னொரு முறையும் உண்டு. ஜூடி பெக்கர் என்ற பெண்மணி வகுத்து, 2006-ஆம் ஆண்டில் 'நிட்டி' என்ற இணைய இதழில் வெளியிட்டது. அதில் நூலின் இரு முனைகளையும் கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் பிடித்து, இரண்டு ஊசிகளிலும் மாறிமாறிக் கண்ணி போடுவார்கள். முதலிலிருந்தே கண்ணிகள் உறுதியாக நிற்கும். ஆனால் அது கண்ணால் பார்த்துப் பழக வேண்டியது. காதால் கேட்டுச் செய்யத் துருக்கிய முறையே எளிது.

நோயுற்ற காலுக்குப் பின்னுவோர் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வால்நூலை விரல் நுனியில் முடிச்சிட்டு நிறுத்தாதீர்கள். இழைகளைப் பிரித்து, பாதத்தின் மேற்பக்கமாகப் பரவலாகக் கோத்து மறையுங்கள். இல்லையேல் தையலுக்குப் பதில் ஒரு முண்டு உருவாகிவிடும். வெளிர் நிற நூலே நல்லது. கசிவு இருந்தால் உடனே தெரியும். பின்னும்போதே அடிக்கடி அணிவித்துப் பாருங்கள். விரலில் தொடங்கும் பின்னலுக்கு இது பெரிய வசதி. வீங்கும் காலுக்கு ஏற்ப மேற்பகுதியைத் தளர்த்தலாம். மேல்விளிம்பை முடிக்கும்போது ஒரு அளவு பெரிய ஊசியால் முடியுங்கள். கணுக்காலில் தழும்பு பதியும்படி அது இறுக்கக்கூடாது.

காலுறை மருந்தாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கையும் அடிப்பாதத்தையும் பாருங்கள். கண் மங்கியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். வெறுங்காலோடு கோயில் வெளிப்பிராகாரத்தைச் சுற்றி வந்த நாளில் மறவாமல் பாருங்கள். உச்சி வெயிலில் சுட்ட தரை கொப்புளம் எழுப்பியிருக்கலாம். சப்பாத்தைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். சிவப்போ கீறலோ புண்ணோ கண்டால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் அன்றே மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பந்திங்கில் மாலை வேளைகளில் ஒன்றுகூடிப் பின்னும் எங்களில் பெரும்பாலோர் நடுவயது கடந்தவர்கள். ரப்பர்க் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் நடந்து எங்களை வளர்த்த தாய்மார்களின் கால்களுக்காகத்தான் இந்த வேலையைக் கையில் எடுத்தோம். தாயின் பாதத்தை மடியில் வைத்து அளவெடுக்கும்போது, அதுவரை எவரும் பாராத ஒரு வெடிப்போ கொப்புளமோ கண்ணில் பட்டதுண்டு. அளவெடுக்க உட்காரும் அந்த ஐந்து நிமிடமே பாதி வைத்தியம் என்று இப்போது நாங்கள் எண்ணுகிறோம்.

இந்த வாரம் 12 சுற்றும் 24 கண்ணியும் மட்டும் பழகி வையுங்கள். குதிகால் திருப்புவதை மற்றொரு பேச்சில் பார்ப்போம்.