சொல்லின் பிறப்பும் சொந்தம் கொண்டாடலும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



ஆங்கிலம் கடன் வாங்கியே வளர்ந்த மொழி என்பது யாவரும் அறிந்ததே. இலத்தீனிடம் வாங்கியது; 1066 ஆம் ஆண்டில் நோர்மன்காரர் இங்கிலாந்தை வென்ற பின்னர் பிரெஞ்சிடம் அள்ளி அள்ளி வாங்கியது; அதற்குப் பின் தன் கப்பல்கள் போய் நின்ற துறைமுகங்கள் எல்லாவற்றிலும் வாங்கியது. அந்தக் கடன் பட்டியலில் எங்கள் தமிழ்ச் சொற்களும் உண்டு. எம்மவர் இதை மேடைகளிலே பெருமையோடு எடுத்துச் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் பட்டியல் நீள நீள, நெல்லோடு பதரும் சேர்ந்து விடுகின்றது. இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம் என்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

'ஒன்று' என்பதிலிருந்து 'வன்' வந்தது, 'எட்டு' என்பதிலிருந்து 'எயிற்' வந்தது என்று சொல்வோர் உளர். ஒலி ஒத்திருப்பது உண்மையே. எனினும் 'வன்' என்ற அந்த உச்சரிப்பே ஆங்கிலத்தில் பிந்தி வந்த ஒன்று. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் 'ஆன்'. அதன் பின்னைய ஒலி 'ஓன்லி', 'அலோன்' என்னும் சொற்களுக்குள் இன்றும் ஒளிந்திருக்கின்றது. ஜேர்மன் மொழியின் 'ஐன்', இலத்தீனின் 'ஊனுஸ்' ஆகியவை அதன் உடன்பிறப்புகள். எங்கள் ஒன்றுக்கு உறவு ஒரு, ஓர், ஒருவன். எட்டின் கதையும் அப்படியே. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒலிக்காமல் நிற்கும் இரண்டு எழுத்துக்கள் உண்டே, அவை ஒருகாலத்தில் தொண்டையிலிருந்து ஒலித்தவை. ஜேர்மனின் 'ஆஹ்ற்', இலத்தீனின் 'ஒக்டோ', வடமொழியின் 'அஷ்ட' என்பவற்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் குடும்பம் புலப்படும். இன்றைய ஒலியை மட்டும் கேட்டு முடிவு செய்வது, முகச் சாயலைக் கண்டு காணி உறுதி எழுதுவது போலாகும்.

சொற்பிறப்பு ஆராய்ச்சி எமக்குப் புதிதன்று. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1938 ஆம் ஆண்டில் தமது சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியை வெளியிடத் தொடங்கினார். 1947 இல் அவர் மறைந்தபோது அப்பணி முற்றுப்பெறவில்லை. இந்தோ-ஐரோப்பிய மொழிகளோடு தமிழுக்கு உறவு உண்டு என அவர் கருதியதை இன்றைய மொழியியலாளர் பொதுவாக ஏற்பதில்லை. ஆயினும் அவர் வேர் வேராகப் பிடுங்கி, காயவைத்து, வகைப்படுத்தி உழைத்தவர். மேடையில் இரண்டு நிமிடத்தில் இருபது சொற்களைத் தமிழாக்கிவிடும் எங்கள் பேச்சாளர்களோடு அவரை ஒப்பிடல் தகாது.

ஒக்ஸ்போர்ட் பேரகராதி 1884 இல் முதற் பகுதியாக வெளிவந்து 1928 இல் முற்றுப்பெற்றது. அதன் வழி எளியது. ஒரு சொல் எழுத்திலே முதன்முதல் எங்கே, எந்த ஆண்டில், எந்த வாக்கியத்தில் காணப்படுகிறது என்று அது கேட்கும். யார் கையால் வந்தது, எந்தத் துறைமுகத்தால் வந்தது என்றும் கேட்கும். இந்தக் கேள்விகளைக் காசு என்ற சொல்லிடம் கேட்டால் சுவையான விடை கிடைக்கின்றது.

கையிலுள்ள பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல் எங்கள் காசிலிருந்து வந்ததன்று. அது பிரெஞ்சின் 'கேஸ்', இத்தாலியின் 'காஸ்ஸா' என்பவற்றின் வழி வந்தது. பொருள், பெட்டி. பணப்பெட்டிக்கு ஆன பெயர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கும் ஆயிற்று. 'கஷியர்' என்பவரும் அந்தப் பெட்டியின் காவலரே. அப்படியானால் காசு ஆங்கிலத்திற்குப் போகவே இல்லையா? போயிற்று! போர்த்துக்கேயர் அதைக் 'கைஷா' என்று கொண்டுபோக, ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து பெற்றுத் தாமும் 'கேஷ்' என்றே எழுதினர். சென்னைப்பட்டணத்தில் கிழக்கிந்தியக் கம்பனியாரின் பழைய கணக்கிலே 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818 வரை இந்தக் கணக்கு நடந்தது. நடுவிலே சதுரத் துளையிட்ட சீனத்துச் செப்பு நாணயத்தையும் ஆங்கிலேயர் இதே பெயரால் அழைத்தனர். நாணயம் சேகரிப்போர் இன்றும் அப்படியே சொல்வர். ஆகவே அகராதியில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் தனித்தனியே நிற்கின்றன. ஒன்று பெட்டி, மற்றது காசு. எங்கள் பங்கு இரண்டாவது. அது சீனம் வரை போய் வந்த சொல். மேடையில் சொல்லப்படும் கதையிலும் பார்க்க இது எனக்கு அதிகம் பிடித்திருக்கின்றது.

கறியின் வழித்தடம் மிகத் தெளிவானது. போர்த்துக்கேயர் அதைக் 'கரில்' என்றனர். கோவாவில் இருந்து திரும்பிய ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டனின் நூல் 1598 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, சோற்றின் மேல் ஊற்றி உண்ணும் மீன் குழம்பைப் பற்றிய பேச்சில் அச்சொல்லும் உடன்சென்றது. 1747 இல் ஹனா கிளாஸ் என்னும் பெண்மணி தம் சமையற் புத்தகத்தில் இந்திய முறைக் கறிக்குச் செய்முறை எழுதினார். மிளகுதண்ணீரும் அவ்வாறே 'மல்லிகட்டோனி' ஆயிற்று. அதற்குள் இறைச்சியைப் போட்டுத் தடிப்பாக்கி அவர்கள் குடிக்கும் பானத்தை எங்கள் வீட்டுப் பெண்கள் கண்டால் பெயரைத் திருப்பிக் கேட்பார்கள்.

கட்டுமரத்தின் கதை சற்று வேறு. வில்லியம் டம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697 இல் வெளியிட்ட தம் பயண நூலில், சோழமண்டலக் கரையில் மரக் குற்றிகளைப் பிணைத்து ஓட்டுவதையும் அதன் பெயரையும் எழுதினார். எங்கள் வடபகுதிக் கரைகளில் கட்டுமரத்தைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. குற்றிகளின் இடுக்கால் கடல் நீர் ஏறி இறங்கும். இன்று 'கட்டமரான்' என்று உலகெங்கும் வழங்குவதோ இரண்டு ஓடங்களை அருகருகே வைத்து மேலே தளம் பூட்டிய விரைவுக் கலம். 1876 இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரஷோவ் அவ்வாறு அமைத்த 'அமரிலிஸ்' என்ற படகு நியூயோர்க்கில் நடந்த போட்டியில் ஏனைய படகுகளைத் தோற்கடித்தது. இரட்டை ஓடக் கலம் பசுபிக் தீவுகளில் பொலினீசிய மக்கள் நெடுங்காலமாக அறிந்த கலம். பெயர் எங்களுடையது, கலம் அவர்களுடையது. நவீன கட்டமரானைத் தமிழன் கண்டுபிடித்தான் என்று எழுதுவோர் இதைக் கவனிப்பார்களாக.

மிகத் தொலைவு நடந்த சொல் இஞ்சி. எங்கள் இஞ்சியோடு 'வேர்' சேர்ந்தது பாளி மொழியில் 'சிங்கிவேர' என நிற்கின்றது. கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', இலத்தீனில் அதன் சாயல், ஈற்றில் ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்'. வடமொழியார் இதனைச் 'சிருங்கவேர' என்றாக்கி, கொம்பு போன்ற வடிவுடையது என்று பொருளும் கற்பித்தனர். அது பிற்காலத்து ஒட்டு என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து. சாயலை நம்பிப் பொருள் கற்பிக்கும் பழக்கம் எமக்கு மட்டும் உரியதன்று போலும்.

பெருமைக்குரிய இந்தப் பட்டியலைப் படிப்போர் விட்டுச் செல்லும் சொல் ஒன்று உண்டு. 'பரையா' என்பது அது. பறையர் என்ற சாதிப் பெயரிலிருந்து 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் அது ஏறிவிட்டது. 1791 இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தன் த சன்பியர் ஒரு 'பாரியா'வைத் தம் கதையின் மாந்தனாக்கிய பின் ஐரோப்பா முழுதும் அச்சொல் பரவியது. இன்று சமூகம் ஒதுக்கிய எவரையும், உலகம் ஒதுக்கிய நாட்டையும் கூட, ஆங்கிலப் பத்திரிகைகள் அப்படித்தான் குறிக்கின்றன. பறை கொட்டியவனின் பெயர் ஒதுக்கப்பட்டவனுக்கு உலகப் பொதுப்பெயராயிற்று. அந்தப் பொருளை ஐரோப்பியர் தாமாகக் கற்பிக்கவில்லை. எங்கள் ஊர்களில் கண்டதை எழுதினர். கறியையும் கட்டுமரத்தையும் உரிமை கோருபவர் இதற்கும் கையொப்பம் இடத்தான் வேண்டும்.

இனி எங்கள் நாட்டிலேயே வழக்கில் இருக்கும் ஒரு சொல். 'அனகொண்டா'. இதைத் தமிழர் 'ஆனைகொன்ற' என்பர், சிங்களவர் 'ஹெனகந்தயா' என்பர். 1693 இல் ஜோன் ரே என்ற ஆங்கில இயற்கை அறிஞர் ஒல்லாந்தின் லைடன் நகரச் சேகரிப்பிலிருந்த பாம்புகளின் பட்டியலை வெளியிட்டார். எருமைகளை நெரித்துக் கொல்லும் இலங்கைப் பாம்பு என்று அதில் இப்பெயர் வருகின்றது. அப்போது எங்கள் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1768 இல் ஸ்கொட்லாந்துச் சஞ்சிகை ஒன்றில், இலங்கையில் நெடுங்காலம் வாழ்ந்தவர் எழுதியதாக ஒரு கடிதம் வந்தது. இந்தப் பாம்பு ஒரு வரிப்புலியை நெரித்து விழுங்கிய காட்சியை அது வர்ணித்தது. இலங்கைக் காட்டில் அக்காலத்தில் சிறுத்தை உண்டு, வரிப்புலி ஏது? எழுதியவர் காட்டைக் கண்டவரோ என்ற ஐயம் எழுகின்றது.

தமிழ் மூலத்தை எடுத்துச் சொன்னவர்கள், 1886 இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' சொற்களஞ்சியத்தைத் தொகுத்த யூலும் பர்னலும். 1897 இல் டொனால்ட் பெர்கசன் அதை மறுத்தார். சிங்களத்தில் 'ஹெனகந்தயா' என்பது கொடிபோல் மெலிந்த ஒரு பாம்பு. மின்னல், தண்டு என்னும் இரு சொற்கள் சேர்ந்த பெயர். அது தவறுதலாகப் பெரிய பாம்பின் மேல் ஏறிவிட்டது என்றார். ரே எழுதிய வடிவம் 'அனகந்தயா' என்று முடிகின்றது. 'கொன்ற' என்பதிலிருந்து அந்த ஈற்றைப் பெறுவது கடினம், 'கந்தயா' என்பதிலிருந்து பெறுவதற்கு எந்த வித்தையும் தேவையில்லை. ஆகவே நான் பெர்கசன் பக்கமே நிற்கிறேன். ஒரு தமிழன் இப்படிச் சொல்லலாமா என்று சில நண்பர்கள் கேட்டதுண்டு. சான்றுக்குச் சாதி, இனம் கிடையாது என்று அவர்களுக்குச் சொன்னேன்.

பின்னர் பிரெஞ்சு அறிஞர் டோடன், தென் அமெரிக்கப் பெரும் பாம்புக்கு இப்பெயரைச் சூட்டிவிட்டார். பிரேசில் மக்கள் அதைச் 'சுக்குரி' என்பர். எங்கள் வன்னிக் காட்டில் எம்மவர் வெங்கிணாந்தி என்று அழைக்கும் மலைப்பாம்புக்கு இன்று ஆங்கிலத்தில் 'பைதன்' என்று பெயர். அது கிரேக்கச் சொல்.