குளத்தில் போட்டாலும் அளந்து போடு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியரைக் கூப்பிட்டு மீனைப் பற்றிப் பேச வைத்திருக்கிறார்களே என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. காரணம் இருக்கிறது. செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் எங்கள் ஊர். மலையைக் குடைந்த அரங்கநாதர் கோயில் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லீவுக்கு ஊருக்குப் போனால் பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, கால் ஏக்கர் சும்மா கிடக்குது. நகையை வச்சுக் குட்டை வெட்டி ஜிலேபி மீன் விடலாமா?"

விடலாம், விடக்கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. நோட்டுப் புத்தகம்தான் பதில் சொல்ல வேண்டும். வாங்க, கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

25 சென்ட் என்பது சுமார் 1,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 3 வீதம் 3,000 குஞ்சு விடுகிறோம். நூற்றுக்கு எண்பது பிழைத்தால் 2,400 மீன். ஆளுக்கு 400 கிராம் வந்தால் 960 கிலோ. ஒரு கிலோ மீன் வளர ஒன்றரைக் கிலோ தீவனம் என்றால் 1,440 கிலோ தீவனம் வேண்டும். கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 72,000 ரூபாய். குஞ்சுக்கு 6,000, கரண்ட், சுண்ணாம்பு, வலை, கூலி எல்லாம் சேர்த்து 14,000. மொத்தச் செலவு 92,000. கரையில் கிலோ 120 ரூபாய்க்கு விற்றால் வரவு 1,15,200. கையில் நிற்பது 23,200. குட்டை வெட்டிய செலவும், நகைக் கடன் வட்டியும், வீட்டார் உழைப்பும் இதில் சேரவில்லை. விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுவோம். ஒன்றரைக் கிலோ தீவனம் போட வேண்டிய இடத்தில் இரண்டு கிலோ போட்டுவிட்டோம். தீவனச் செலவு 96,000, மொத்தம் 1,16,000. லாபம் போச்சு, 800 ரூபாய் நஷ்டம்! மீன் ஒன்றுகூடச் சாகவில்லை, திருடன் வரவில்லை, விலையும் இறங்கவில்லை. கை கொஞ்சம் தாராளமாக இருந்தது, அவ்வளவுதான். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

அளப்பது எப்படி? வாரம் ஒருமுறை வலை போட்டு முப்பது மீனைப் பிடித்து எடை போடுங்கள். சராசரி 200 கிராம், குளத்தில் 2,600 மீன் இருக்கிறது என்றால் மொத்தம் 520 கிலோ. அந்தப் பருவத்தில் எடையில் 3 சதவீதம் என்றால், நாளைக்குப் பதினைந்தரைக் கிலோ. அதற்கு மேல் போட்டது அடியில் அழுகும். தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் தின்னும். ராத்திரி பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் அது மிகக் குறைவு. அந்த நேரத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் அன்றைக்குத் தீவனத்தை நிறுத்துங்கள்.

இரண்டாவது விஷயம் குஞ்சு. 1952-ல் மொசாம்பிக் திலேப்பியா இந்தியாவுக்கு வந்தது. தாய் மீன் முட்டையை வாயிலேயே அடைகாக்கும். இரண்டு மூன்று மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். குளம் முழுக்கக் குஞ்சு பெருகி, ஒன்றும் பெரிதாகாமல் போனது. நம் கெண்டைகளுக்கும் போட்டியானது. 1959-ல் அதைப் பரப்பத் தடை வந்தது. பிறகு 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஆராய்ச்சியில், நைல் திலேப்பியாவைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து 'கிஃப்ட்' என்ற வேகமாக வளரும் ரகத்தை உருவாக்கினார்கள். நம் மாநிலத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில், மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இதற்கென்றே இயங்குகிறது.

ஒன்றை மறக்காதீர்கள். கிஃப்ட் என்றாலே எல்லாம் ஆண் மீன் என்று அர்த்தமில்லை. குஞ்சுப் பருவத்தில் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து ஆணாக்கியதா என்று கேட்டு வாங்க வேண்டும். கலப்புக் குஞ்சு விட்டால் அதே 960 கிலோ பொடி மீனாக வரும். கிலோ 60 ரூபாய்க்குப் போனால் வரவு 57,600தான், நஷ்டம் 34,400. மீன்வளத் துறையில் அனுமதி வாங்கி, வடிகாலில் சல்லடை போட்டுத்தான் வளர்க்க வேண்டும். நம் குட்டை மீன் ஏரிக்குப் போனால் ஊர் ஏரிக்கே கேடு.

மூன்றாவது தண்ணீர். நம் பக்கம் பாறை பூமி. ராஜகிரி அடிவாரத்தில் செட்டிக்குளமும் சக்கரக்குளமும் இருப்பதைப் பார்த்தாலே, கோட்டையை ஆண்டவர்கள் மழைத் தண்ணீரை எவ்வளவு மதித்தார்கள் என்பது தெரியும். நமது 1,000 சதுர மீட்டர் குட்டையில் 1.2 மீட்டர் ஆழம் என்றால் 12 லட்சம் லிட்டர். நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தாலும் தினம் 5,000 லிட்டர். ஆறு மாதத்தில் 90 சென்டிமீட்டர் வெயில் குடித்துவிடும்! தரை உறிஞ்சுவது தனி. ஆகவே ஐப்பசி மழையை மட்டும் நம்பிக் குஞ்சு விட்டால், மீன் எடைக்கு வரும்போது குட்டையில் சேறுதான் இருக்கும். கிணறு கை கொடுக்குமா என்பதைச் சித்திரை மாதத்தில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். கார்த்திகையில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்.

கடைசியாக விற்பனை. வளர்ந்த மீன் குளத்தில் சும்மா இருக்காது, தினமும் தின்னும். ஞாயிற்றுக்கிழமை 40 கிலோ உயிர் மீன் விற்றால் 960 கிலோ தீர 24 வாரம். ஒரே நாளில் வியாபாரிக்குக் கொடுத்தால் அவர் சொன்னதுதான் விலை. ஆகவே வாங்குபவரை முதலில் பிடியுங்கள், மீனைப் பிறகு பிடிக்கலாம்.

மானியம் உண்டே என்பீர்கள். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் மானியம் குட்டை வெட்டிய செலவைக் குறைக்குமே தவிர, தினம் காலையில் தீவன மூட்டையைப் பிரிப்பது நம் கைதான்.

தம்பிகளே, தங்கைகளே, மீன் வளர்ப்பு நல்ல தொழில். இந்த நான்கு கணக்கும் தேறினால் தைரியமாக இறங்குங்கள். ஒன்று தேறாவிட்டாலும் அம்மாவின் நகை பெட்டியிலேயே இருக்கட்டும். இங்கே கற்ற கணக்கு பரீட்சைக்கு மட்டுமல்ல, வீட்டைக் காப்பாற்றவும்தான்.